தொண்டிப் பொருள் மூன்று உருண்டை

போன மாதம் எங்கள் துறையைச் சேர்ந்த இளைய அதிகாரிகள் நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். சென்னையில் ஒரு பயிற்சி முகாம் முடித்துவிட்டு வந்த சூடு அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஆளுக்கொரு தடித்த கோப்பு. "சார், போதைப் பழக்கம் இருக்கிறவனைத் தண்டிக்காம சிகிச்சைக்கு அனுப்பணும். அதுதான் இப்ப லேட்டஸ்ட். உங்க காலத்துல எல்லாரையும் பிடிச்சு உள்ளதானே போட்டிருப்பீங்க?" என்றார் ஒருவர்.

பெரும்பாலும் அப்படித்தான் போட்டோம். அதை மறுக்க நான் யார்? ஆனால் அந்த லேட்டஸ்ட் என்ற சொல் எனக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. "ஒருத்தரை மட்டும் போடலை தம்பி" என்றேன். "என்ன மருந்து சார் குடுத்தீங்க?" என்று கூட வந்த பெண் அதிகாரி பேனாவைத் திறந்தார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். கிழவனுக்குக் குசும்பு என்று நினைத்திருப்பார். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், எழுத்தில் இருந்தால் அரசாங்கமே நம்பும் என்பது என் முப்பது வருட அனுபவம். ஆகவே எழுதுகிறேன்.

பி.ஏ. முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்த எனக்கு புரொபேஷன் ஆபீசர் என்று ஒரு உத்தியோகம் இருப்பதே விண்ணப்பம் போட்ட பிறகுதான் தெரியும். பயிற்சியில் இரண்டு விஷயம் கற்றுக்கொடுத்தார்கள். குற்றவாளியின் வீட்டுக்குப் போனால் உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும். காபி கொடுத்தால் குடிக்கக் கூடாது. முதலாவது கடைசிவரை பயன்பட்டது. இரண்டாவதை முதல் வாரமே கைவிட்டேன். பிறகு திருநெல்வேலி ஜில்லாவில் போட்டு, சங்கரன்கோவில் கோர்ட்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தமிழில் எனக்கு நன்னடத்தை அதிகாரி என்று பெயர். பஸ் ஸ்டாண்டு காபிக் கடைக்காரர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "யாருக்குய்யா நடை பழக்குதீக?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸ், கோர்ட், சப்-ஜெயில் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகள் மூடியிருந்த காலம். சாராயக் கேஸும் கள்ளுக் கேஸும் வண்டி வண்டியாக வரும், நடுவில் அபின் கேஸும் வரும். அபினில் ஒரு விசேஷம் உண்டு. டாக்டர் சீட்டு இருந்தால் சர்க்கார் டிப்போவிலேயே எடை போட்டுக் கொடுப்பார்கள், வாங்கித் தின்னலாம். சீட்டு இல்லாமல் அதே அபினை அதே வாயில் போட்டால் ஜெயில். சீட்டு இருக்கிறவன் நோயாளி, இல்லாதவன் குற்றவாளி. சீட்டு எப்படி வாங்குவது என்பது குற்றவாளி ஆன பிறகுதான் பலருக்குத் தெரிய வரும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வேறு ஒருவரைப் பார்க்க சப்-ஜெயிலுக்குப் போனேன். மூலையில் ஒருவர் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தார். புளியங்குடிப் பக்கத்துக் கூலிக்காரர். அபின் கேஸில் ஒரு மாதம். சித்திரை வெயில் கொளுத்துகிறது, அந்த ஆளுக்குப் புல்லரித்து உடம்பு தூக்கிப் போடுகிறது. வாந்தியும் கழிச்சலும் அவர் மேலேயே கிடந்தன. வார்டரைக் கேட்டேன். "மூணு நாளு சாமியாட்டம் ஆடுவான் சார். பெறவு தன்னால அடங்கிருவான்" என்றார். அடங்கித்தான் போனார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றும்போதே பாதி அடங்கியிருந்தார், அங்கே போய் மீதி. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. யார் மேல் ஆத்திரப்படுவது? வார்டர் சட்டப்படி நடந்தார், ஏட்டையா சட்டப்படி பிடித்தார், மாஜிஸ்திரேட் சட்டப்படி எழுதினார். எல்லோரும் சட்டப்படி நடந்து ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டோம்.

மாஜிஸ்திரேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், கோட்டு அவர் மேல் தொங்கும். கைதியைக்கூட "நீர்" என்றுதான் கூப்பிடுவார், யாரையும் ஒருமையில் விளித்து நான் கேட்டதில்லை. அவருக்கு இரண்டு பிடிவாதம். காகிதம் வராமல் எதையும் முடிவு செய்ய மாட்டார். இங்கிலீஷில் ஓடுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் பெஞ்சு கிளார்க் எழுந்து நின்று கைதிக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும். "அவர் கேஸ். அவருக்குத் தெரியணும்" என்பார். மூக்குப்பொடி போடாமல் தீர்ப்பு எழுத மாட்டார். டப்பா காலியான நாளில் தண்டனை கூடும் என்று வக்கீல் குமாஸ்தாக்களுக்கு ஒரு கணக்கு உண்டு, அன்றைக்கு வாய்தா வாங்கிவிடுவார்கள். அபின் கேஸில் தண்டனை சொல்லுமுன் ஒரு சிட்டிகையைச் சர்ரென்று இழுத்துவிட்டு, கண்ணில் நீர் தளும்ப, "இப்படி ஒரு வஸ்துவுக்கு மனுஷன் ஏன்தான் அடிமையாகிறானோ?" என்று வருத்தப்படுவார். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஏட்டையாவின் வாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும், சிரிக்க முடியாது. காலைக் காபி தப்பினால் எனக்கு மண்டை வெடிக்கும், ஆகவே நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

இவர் முன்னால்தான் மாடசாமி வந்தார். இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் கிராமம், ஆட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும். மழையிலும் பனியிலும் அடுத்தவர் நிலத்தில் கிடை போட்டு, ஆட்டோடு ஆடாக ஈரத்தில் படுத்து மூட்டுவலி வந்து, வலிக்கு ஒரு குன்றிமணி அபினில் ஆரம்பித்தவர். பிறகு வலி போய்விட்டது, அபின் போகவில்லை. சங்கரன்கோவில் சந்தையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஜெயிலுக்குப் போனால் என்ன நடக்கும் என்று நான் கண்ணால் பார்த்திருந்தேன். அந்த ஆளைப் பற்றி ஆறு பக்கம் அறிக்கை எழுதினேன். மாஜிஸ்திரேட் தன் ஆயுளில் ஒரு ஆட்டுக்காரரைப் பற்றி ஆறு பக்கம் படித்ததில்லை போலிருக்கிறது. இரண்டு முறை படித்தார். பொடி போட்டார். ஜெயில் வேண்டாம், ஒரு வருடம் நன்னடத்தை, என் கண்காணிப்பு, அபினைத் தொடவே கூடாது என்று எழுதிவிட்டார்.

நான் சந்தோஷமாகச் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "தொடவே கூடாதுன்னா என்ன அர்த்தம்? ஒரேயடியா நிறுத்தினா கடைசியில நான் சர்ட்டிபிகேட் கொடுக்கணும். எந்த சர்ட்டிபிகேட்டுன்னு கேட்காதீங்க" என்றார். மறுபடி கோர்ட், மறுபடி காகிதம். டாக்டர் சீட்டுப்படி மாதாமாதம் குறைத்துக் கொடுத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவது, சீட்டு முடிந்த பிறகு தொட்டால் ஜெயில் என்று உத்தரவு திருத்தப்பட்டது. அபினை மாடசாமி கையில் கொடுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. அவர் மனைவி கோமதி கையில்தான் கொடுப்பேன் என்றார்.

கோமதி வாய்க்காரி. முதல் நாள் நான் அவர்கள் ஊருக்குப் போனபோது, "குடிக்காரப் பயலுவள விட்டுட்டு ஆட்டுக்காரனப் புடிச்சிருக்கு உங்க சர்க்காரு. ஆடு மேய்க்க நீங்க வருவீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொன்னாள். ஆனால் டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். காலையில் ஒரு உருண்டை, பொழுது சாய ஒரு உருண்டை. அவளே உருட்டி, அவளே அவர் உள்ளங்கையில் வைப்பாள். அவர் வேலிப்பக்கம் திரும்பி நின்று வாயில் போட்டுக்கொள்வார். மனைவி கொடுத்து, டாக்டர் அனுமதித்து, கோர்ட் சம்மதித்துத் தின்கிற உருண்டைதான். இருந்தாலும் மறைந்து நின்றுதான் தின்பார். பழக்கம்.

எனக்கு ஒரே ஆச்சரியம், சீட்டில் அளவு குறையக் குறைய மனுஷன் முனகவே இல்லை. ஒரு மாதம் சற்றே தூக்கம் கெட்டது, அவ்வளவுதான். சீட்டு முடிந்த பிறகும் கம்பும் தோளுமாக ஆட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். இதெல்லாம் என் இடையறாத கண்காணிப்பின் பலன் என்று மேலிடத்துக்கு எழுதினேன். மேலிடம் பாராட்டிப் பதில் எழுதியது. மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய் மோர் குடித்துவிட்டு வருவதற்கு எங்கள் துறையில் இடையறாத கண்காணிப்பு என்று பெயர்.

நன்னடத்தைக் காலம் முடியச் சில வாரம் இருக்கும்போது ஆடித்தபசு வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கோவிலுக்கு வந்திருந்தார்கள். கூட்டத்தில் கள்ளச்சாராயம் தேடிக்கொண்டிருந்த புது மதுவிலக்கு இன்ஸ்பெக்டர், மாடசாமி மடியைத் தடவிப் பார்க்கிறார். துணியில் முடிந்து மூன்று கறுப்பு உருண்டை. "என்னவே இது?" என்கிறார். மாடசாமி ஒளிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "அபினி. எனக்குள்ளது. நாந்தான் வாங்குனேன். இவளுக்கு ஒண்ணுந் தெரியாது" என்று கையை நீட்டிவிட்டார்.

செய்தி கேட்டு நான் வந்து சேர்ந்தபோது கோமதி கோர்ட் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் மேல்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சீட்டு முடிஞ்ச பெறகு உனக்கு அபின் எங்க கிடைச்சுது? ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்துட்டியே" என்று கத்தினேன். அவள் அக்கம்பக்கம் பார்த்தாள்.

"ஐயா, சத்தம் போடாதீக. அது அபினி இல்ல."

"பின்னே?"

"மண்ணு."

எனக்குப் புரியவில்லை.

"நம்ம கோயில் புத்துமண்ணுய்யா. மொத மாசம் டாக்டரு அளவக் கொறச்சாருல்லா, உருண்டை சின்னதாப் போச்சு. சின்ன உருண்டையப் பாத்தாலே இவுகளுக்குக் கை நடுங்குது. என்ன செய்ய? அம்மன நெனச்சுக்கிட்டு, துன்னூறு மாதிரி இருக்கட்டும்னு ஒரு சிட்டிகை புத்துமண்ணச் சேத்து உருட்டுனேன். உருண்டை பழையபடி ஆச்சு, மனுசனும் பழையபடி ஆனாக. பெறவு அபினி கொறஞ்ச அளவுக்கு மண்ணக் கூட்டுனேன். கசப்புக்கும் கறுப்புக்கும் நாட்டு மருந்துக் கடையில கரியபோளம், அதான் காய்ஞ்ச கத்தாழப் பாலு, வாங்கி அரைச்சுப் போட்டேன். இப்ப மாசக்கணக்கா வெறும் மண்ணுதான் தின்னுதாக."

சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பற்றி இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தேள் கடித்தாலும் தின்பார்கள், வயிறு வலித்தாலும் தின்பார்கள், ஒன்றுமில்லை என்றாலும் தின்பார்கள். ஆனால் அபினுக்குப் பதிலாகத் தின்னக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான்.

"மடச்சி! அதை இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? இப்பவே விட்டிருவாங்களே!"

"அவுக பக்கத்துல நின்னாகள்லா? மண்ணுன்னு தெரிஞ்சா அன்னைக்கே விழுந்துருவாகய்யா. ஒருநா ஆட்டத் தேடிப் போயி உருண்டை திங்க நேரமாயிட்டு. வந்தாக பாருங்க, வேர்த்து ஊத்தி, பல்லுக் கிட்டி... மண்ணு திங்காததுக்கு! வாயில போட்டப் பெறவுதான் எந்திரிச்சாக. அவுகளுக்குத் தெரியாம விட வைங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

டாக்டரிடம் ஓடினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "அவ சொல்றதுல தப்பில்லை. உடம்பு எப்பவோ மறந்தாச்சு, மனசுக்கு இன்னும் தெரியாது. இப்பப் போய் தெரியவைக்காதீங்க" என்றார்.

ஆக நிலைமை இது. உருண்டை அபின் என்றால் ஜெயில். மண் என்றால் விடுதலை, ஆனால் மண் என்று தெரிந்தால் மனுஷன் விழுந்துவிடுவார். அவருக்கு மண் என்று தெரியாமல், கோர்ட்டில் மண் என்று சொல்லி விடுதலை வாங்க வேண்டும். இதற்கு எங்கள் பயிற்சியில் ஒரு பாடமும் இல்லை.

மாஜிஸ்திரேட்டைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று அவர் அறைக்குள் போய், "அந்த உருண்டை விஷயமா..." என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். "தனியா எதையும் எங்கிட்டச் சொல்லாதீர். சொல்றதை கோர்ட்டில் சொல்லும். அவர் கேஸ், அவருக்குத் தெரியணும்." நேர்மையான அதிகாரியிடம் மாட்டிக்கொண்டால் இந்தக் கஷ்டம் உண்டு.

லாக்கப்பில் இருந்த நாட்களில் கோமதி சோற்றுக்குள் வைத்து உருண்டையைக் கொடுத்துவிட்டிருந்தாள். முதல் விசாரணையில் மாடசாமி கூண்டில் ஏறினார். குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து முடிக்குமுன்னே, "ஆமா எசமான். அபினிதான். எனக்குள்ளதுதான். எம்பொஞ்சாதிக்குத் தெரியாது" என்றார். இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. குற்றவாளியே ஒப்புக்கொண்டாயிற்று, இனி என்ன? மாஜிஸ்திரேட் டப்பாவை எடுத்தார். டப்பாவை எடுத்தால் தீர்ப்பு. நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் என்ன சொல்வது என்று யோசித்தேன். "யுவர் ஆனர், பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பின உருண்டைக்கு இன்னும் காகிதம் வரவில்லை" என்றேன்.

காகிதம் என்றதும் டப்பா மூடிக்கொண்டது.

"அவனே ஒத்துக்கிட்டானே சார்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவர் ஒத்துக்கொண்டார். சென்னை ஒத்துக்கொள்ளவில்லையே" என்றார் மாஜிஸ்திரேட். வாய்தா கொடுத்து, என் பொறுப்பில் மாடசாமியை வெளியே விட்டார். சர்க்கார் தாமதத்தைத் திட்டாத நாள் எனக்குக் கிடையாது. அன்று மட்டும் அதைக் கும்பிட்டேன்.

காகிதம் வரப் பல வாரம் ஆயிற்று. அதுவரை கோமதி உருட்டிக்கொடுக்க, அவர் தின்றுகொண்டு ஆடு மேய்த்தார். கேஸ் எடுத்த நாளில் கோர்ட் நிறையக் கூட்டம். மாஜிஸ்திரேட் உறையைப் பிரித்து சென்னை ரசாயனப் பரிசோதகரின் அறிக்கையைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு தூணோரம் நின்ற கோமதியைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த மனிதருக்கு எவ்வளவு விளங்கியதோ, எனக்குத் தெரியாது. ஆனால் வழக்கம் வழக்கம்தான். காகிதத்தை கிளார்க்கிடம் நீட்டினார்.

எங்கள் பெஞ்சு கிளார்க் மொழிபெயர்ப்பில் சூரர். அகராதியைக் கரைத்துக் குடித்தவர். இங்கிலீஷில் மண்ணுக்கும் பூமிக்கும் எர்த் என்று ஒரே சொல்தானே, மனுஷன் எழுந்து நின்று தொண்டையைச் செருமி, "மேற்படி உருண்டைகள், பூமியும் கற்றாழையும் சேர்ந்தவை எனத் தெரியவருகிறது" என்றார்.

கோர்ட்டில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாடசாமிக்கு மட்டும் ஏதோ புரிந்துவிட்டது. பதறிப்போனார்.

"பூமியா? எனக்கு ஏது எசமான் பூமி? ஒரு குறுக்கம் கரிசல்கூடக் கெடையாது. ஆடுதான் இருக்கு. கத்தாழ வேலியும் அடுத்தவன் வேலி எசமான். யாரோ பொய் எழுதிப் போட்டிருக்கான்!"

கூட்டம் சிரித்தது. ஏட்டையா வெற்றிலையை விழுங்கிவிட்டு இருமினார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கிளார்க்கைப் பார்த்து, "மொழிபெயர்ப்பு சரிதானா?" என்று கேட்டார்.

"அகராதிப்படி சரி சார்."

இப்படி ஒரு மொழிபெயர்ப்பை அவர் வேறொரு நாளில் விட்டிருக்கவே மாட்டார். கிளார்க்கை நிற்க வைத்துத் தோலை உரித்திருப்பார். அன்று டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்தார். "அகராதிப்படி சரியென்றால் சரி. அபின் என்று நிரூபணம் ஆகவில்லை. விடுதலை" என்றார்.

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாடசாமி ஒன்றும் விளங்காமல், ஆனால் தப்பித்தோம் என்று தெரிந்து, கூண்டை விட்டு இறங்க ஒரு காலை எடுத்து வைத்தார். அப்போதுதான், கிளார்க் கையிலிருந்த இங்கிலீஷ் காகிதத்தை எட்டிப் படித்துவிட்ட இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். பாவம், அவருக்கும் பொறுக்கவில்லை. கையில் கிடைத்த பெரிய கேஸ் கண்ணெதிரே கரைகிறது.

"சார், இது மோசடி! பூமியாவது கீமியாவது! புத்துமண்ணு சார்! கோயில் மண்ண உருட்டி மடியில வச்சிக்கிட்டு டிபார்ட்மென்ட்டையே ஏமாத்தியிருக்கான்! ஏவே, மண்ணத் தின்னுட்டா அபினின்னு வாக்குமூலம் குடுத்தீரு?"

மாடசாமி இறங்கிய காலோடு நின்றுவிட்டார். கூட்டத்தில் கோமதியைத் தேடினார்.

"ஏட்டி. என்ன சொல்லுதாக?"

அவள் வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தாள். பிறகு ஒரேயடியாக வெடித்துவிட்டாள். "ஆமா, மண்ணுதான்! மண்ணத்தான் தின்னீரு! அபினி இல்லாட்டா செத்துருவீருன்னு பயந்துல்லா மண்ணக் குடுத்தேன். நான் என்ன செய்ய? சொல்லும், நான் என்ன செய்ய?"

"சீட்டு முடிஞ்ச பெறவும் உருண்டை வருதே, நீ எவன்கிட்டயோ களவா வாங்குதன்னுல்லா நெனச்சேன்" என்றார் அவர். "உன்னப் புடிச்சிரக் கூடாதேன்னுதான் எனக்குள்ளதுன்னு சொன்னேன்."

அதைச் சொல்லி முடித்ததும் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் விரல், பிறகு தோள். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்து முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். உடம்பெல்லாம் புல்லரித்து மயிர் குத்திட்டது. அந்த இருப்பை நான் முன்பே பார்த்தவன். "நடிக்கான் சார்" என்றார் ஏட்டையா. ஆனால் அவர் குரலிலும் உறுதி இல்லை.

"எசமான்" என்றார் மாடசாமி. பல் தந்தியடித்தது. "அந்த உருண்டையக் குடுங்க."

மாஜிஸ்திரேட் முன்னால் குனிந்தார். "அது மண்தான். இப்பதானே கேட்டீர்?"

"கேட்டேன் எசமான். மண்ணுதான். குடுங்க."

மாஜிஸ்திரேட் மேஜையைப் பார்த்தபடி, "விடுதலையானவரிடம் கைப்பற்றிய தொண்டிப் பொருளைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு" என்றார். இரண்டு உருண்டை சென்னையில் பரிசோதனையில் கரைந்துபோய், மிச்சம் ஒன்று அரக்கு முத்திரை வைத்த பொட்டலத்தில் வந்திருந்தது. பொருளைப் பெற்றுக்கொண்டேன் என்று கைரேகை வைக்காமல் கிளார்க் கொடுக்க மாட்டார். மாடசாமியின் கட்டைவிரலை ஏட்டையா பிடித்து மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தார். ஆட்டத்தில் ரேகை விழவில்லை, ஒரு கறைதான் விழுந்தது. கிளார்க் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். "குடும் ஓய்!" என்று மாஜிஸ்திரேட் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஏட்டையா அரக்கை உடைத்து உருண்டையை எடுத்தார். "அது ஊசிப்போயிருக்கும், நான் புதுசா உருட்டித் தாரேன்" என்று கோமதி அழுதுகொண்டே ஓடிவந்தாள். மாடசாமி காத்திருக்கவில்லை. ஏட்டையாவின் உள்ளங்கையிலிருந்து எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் அத்தனை பேரும், மாஜிஸ்திரேட், இன்ஸ்பெக்டர், வக்கீல்கள், வாய்தாவுக்கு வந்த கூட்டம், எல்லோரும் ஒரு மனிதர் மண் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் பல் சத்தம் நின்றது. பிறகு தோள் அடங்கியது. கட்டியிருந்த கை அவிழ்ந்து முழங்கால் மெல்லத் தரைக்கு வந்தது.

கண்ணைத் திறந்தார். சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு மாஜிஸ்திரேட்டிடம் கேட்டார். "இதத் திங்கது குத்தமில்லையே எசமான்?"

"இல்லை."

"இத்தன வருசமும் ஆட்டுக்கு மறைவுல நின்னு தின்னேன், வேலிக்கு மறைவுல நின்னு தின்னேன்" என்றார் கோமதியிடம். "இன்னைக்குத்தான் ஏட்டி, கோர்ட்டுக் கச்சேரிக்கு நடுவுல, ஏட்டையா கையால வாங்கித் தின்னுதேன்."

அவள் அவரைக் கைப்பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். மாஜிஸ்திரேட் அடுத்த கேஸைக் கூப்பிடச் சொன்னார். அதுவும் அபின் கேஸ்தான். உருண்டை உருட்டிக் கொடுக்க அந்த ஆளுக்கு யாரும் இல்லை. ஒரு மாதம் போட்டார்.